மூடிய பேனலும் ஒலிக்காத மணியும்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். இந்த மாதத்தோடு நான் இங்கிருந்து கிளம்புகிறேன். ஓய்வு பெறுகிற வயதெல்லாம் இல்லை. வேடசந்தூரில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க ஓர் இடம் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். போகிறவனிடம் நாலு வார்த்தை எழுதி வாங்கி வையுங்கள் என்று நம் சார் சொன்னாராம். நாலு வார்த்தையில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரிக் காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். இந்த வேலைக்கு வந்த புதிதில், திண்டுக்கல்லில் என்னதான் பார்க்கிறாய் என்று அப்பா கேட்டார். திரையில் ஒரு பேனலை மூடினால் அது சரியாக மூடுகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவர், “மூடுறதுக்குமாப்பு படிக்கணும்?” என்றார். கீழே இருப்பதுதான் பதில்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டின் கடைசிப் பகுதியில் நம் அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பதினொரு மணிக்கே பசிக்க ஆரம்பித்துவிடும். ஊருக்குள் தினமும் மின்வெட்டு. நாங்கள் வைத்திருந்த பழைய யூ.பி.எஸ். செத்த நேரம் கத்திவிட்டு உயிரை விடும். கரண்ட் வந்ததும் கணினிகளை மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கிழக்கே ஒரு நூற்பாலைக்கு நாம் ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தோம். நான் சேர்வதற்கு முன்பே எழுதி, பொருத்தி, ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷின்களின் பேரிங்குகளில் சூட்டை அளக்கும் சென்சார்கள் உண்டு. அவற்றின் கம்பிகள் சூப்பர்வைசர் அறையில் இருக்கும் கணினிக்கு வரும். ஒரு பேரிங் அளவுக்கு மேல் சூடானால் திரையில் அந்த மெஷினின் வரி சிவக்கும்; கூடத்துச் சுவரில் இருக்கும் மணி அடிக்கும். சுற்றிலும் பஞ்சு பறக்கும் இடம். அங்கே சூடான பேரிங் என்றால் தீ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் முகப்புப் பக்கம் ஒன்று உண்டு. அதில் ஒரு மெஷினைத் தொட்டால் அதற்கென்று ஒரு பேனல் திறக்கும், அதன் சூடு, வேகம், எல்லாம் காட்டும். வேண்டிய இடத்துக்கு இழுத்து ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அந்த இழுத்து ஒட்டும் வசதியை நாம் எழுதவில்லை. வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த கருவித் தொகுப்பு. மில்காரர்கள் கேட்டு வாங்கிய வசதி இன்னொன்றும் இருந்தது. ஒரு மெஷினின் பேனலை சூப்பர்வைசர் திறந்து வைத்திருந்தால், அவர் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அப்போது அந்த மெஷினுக்கு மணி அடிக்காது. முகப்பில் அதன் வரியில் ஒரு சின்னக் கண் குறி மட்டும் தெரியும். பழுது பார்க்கும்போது தலைக்கு மேல் மணி கத்திக்கொண்டே இருக்கிறது என்று அவர்கள் சொன்னதால் வைத்தது. நியாயமான கோரிக்கைதான்.

ஒருநாள் காலை அந்த மில்லிலிருந்து போன். ஒரு கார்டிங் மெஷினில் தீ. ஆட்கள் ஓடிவந்து அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை, மெஷின் கருகிவிட்டது. மணி அடிக்கவே இல்லை என்கிறார் காலை ஷிப்டு சூப்பர்வைசர். கணினியைப் பார்த்தால் அந்த மெஷினுக்குக் கண் குறி இருக்கிறது என்கிறார் மேனேஜர். அதாவது, பேனலைத் திறந்து, சூடு ஏறுவதைப் பார்த்துவிட்டு, கண்டுகொள்ளாமல் போய்விட்டார் என்று குற்றச்சாட்டு. மறுநாள் காலை விசாரணை. அதற்குள் ஒருவர் வந்து மென்பொருளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சார் என்னை அனுப்பினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நீயாக எதையும் அவிழ்த்துவிடாதே என்று சொல்லி அனுப்பினார். அந்த மில் முதலாளியின் மற்ற ஆலைகளுக்கும் நம் மென்பொருளைக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. அவர் கவலை எனக்குப் புரிந்தது.

மில் வாசலில் டைம் ஆபீசுக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, புருவத்தில் பஞ்சு. அவர்தான் அந்தச் சூப்பர்வைசர், சகாயராஜ். விசாரணை முடியும்வரை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். வீட்டுக்கும் போகாமல் அங்கேயே இருந்தார். என் பையைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“தம்பி, வேலை போனா இன்னொரு மில்லு பாத்துக்குவேன். நெருப்பப் பாத்துட்டுப் பேசாமப் போனவன்னு பேரு வந்துச்சுன்னா எந்த மில்லுலப்பு சேப்பான்? நான் அந்த டப்பாவத் தொறக்கவே இல்ல. பெல்லு அடிக்கவும் இல்ல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

பேனலைத்தான் அவர் டப்பா என்றார். நான் அவருக்கு எந்த உறுதியும் கொடுக்கவில்லை. தெரியாததை வைத்து ஆறுதல் சொல்லக்கூடாது. பார்க்கிறேன் அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மேனேஜர் பழனிப் பக்கத்துக்காரர். மரியாதையாகவே பேசினார், ஆனால் வளைக்க முடியாத ஆள். “ஏனுங்க தம்பி, உங்க பெல்லு சரியா, அந்த ஆளு சரியா? ரெண்டுல ஒண்ணுதானுங்க இருக்க முடியும்” என்றார்.

மதியம் வரை உட்கார்ந்து பார்த்தேன். கருகிய சென்சாரை மாற்றி எலக்ட்ரீஷியன் புதிது போட்டிருந்தார். கம்பி சரி, மணி சரி. சோதனைப் பொத்தானை அழுத்தினால் கூடமே அதிர்கிறது. நம் அலுவலகத்திலும் எத்தனையோ முறை சோதித்த மென்பொருள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால்தான் ஆபத்து. ஏனென்றால் அப்போது பழி சுமக்க மிச்சம் இருப்பது அந்தப் பெஞ்சில் இருப்பவர் மட்டும்தான்.

கிளம்பியிருக்கலாம். மென்பொருளில் குறை தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கணினியோடு எப்படிப் புழங்குகிறார்கள் என்று நான் இன்னும் பார்க்கவில்லையே என்று தோன்றியது. நான் பார்த்ததெல்லாம் நான் புழங்கும் விதம். ஷிப்டு மாறும் வரை இருக்கிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டு முடிகிறவர் தன் மெஷினை ஊதித் துடைத்து, சுற்றிலும் கூட்டிவிட்டு, சுத்தமாகத்தான் அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அழுக்காகக் கொடுத்தால் அது அடுத்தவரை அவமதிப்பது போல. சகாயராஜுக்குப் பதிலாக இருந்த சூப்பர்வைசர் மேசையைத் துடைத்தார். நாற்காலியை நேராக்கினார். கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினார். பிறகு நின்றபடியே மவுஸைப் பிடித்து, திரையில் திறந்திருந்த பேனல்களை ஒவ்வொன்றாக, மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினார். எதற்கு அண்ணே மூடுகிறீர்கள் என்று கேட்டேன். வேறெதற்கு என்பது போல என்னைப் பார்த்தார்.

“வர்றவருக்குச் சுத்தமாக் குடுக்க வேணாமா தம்பி? ஒக்காந்ததும் நம்ம குப்பைய அவரு கூட்டணுமா?”

அவர் போனதும் திரையைப் பார்த்தேன். முகப்புப் பக்கம் மட்டும் இருந்தது. ஒரு பேனலும் இல்லை. ஆனால் முகப்பின் வரிகளில் கண் குறிகள் அப்படியே இருந்தன. யாரும் எதையும் திறந்து வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் யாரோ கவனித்துக்கொண்டிருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நம் தொழில் வருகிறது. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: கண்ணுக்குத் தெரிகிற பேனல் ஒன்று, அதற்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் வியூ மாடல் ஒன்று. பேனல் முகம். வியூ மாடல் ஆள். நாம் பேனலுக்குள் ஒரு ‘மூடு’ பொத்தான் வைத்திருந்தோம். அதை அழுத்தினால் தகவல் வியூ மாடலுக்குப் போகும்; அது கவனிப்பை விட்டுவிட்டு விலகும், பேனலும் மறையும். நம் அலுவலகத்தில் எல்லாரும் அதைத்தான் அழுத்துவோம், நாமே வைத்த பொத்தான் ஆயிற்றே. மூலையில் இருக்கும் பெருக்கல் குறி வாங்கிய தொகுப்போடு வந்தது. அதை அழுத்தினால் முகம் மட்டும் போய்விடும். மூடப்பட்ட சேதி ஆளுக்குப் போகவே போகாது. அவன் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் மணி அடிக்காதே என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

நம் அலுவலகத்தில் எப்போதாவது யாராவது அந்தக் குறியை அழுத்தியிருந்தாலும் தெரிந்திருக்காது. மின்வெட்டில் கணினி அணைந்து, மறுபடி தொடங்கும்போது எல்லாம் துடைத்ததுபோல் ஆகிவிடும். மில்லிலோ ஜெனரேட்டர், பெரிய பேட்டரி. அந்த மென்பொருள் வாரக்கணக்கில் நிற்காமல் ஓடியது. ஊமையான மெஷின் ஊமையாகவே இருந்தது.

கேன்டீனில் ஒரு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு, எலக்ட்ரீஷியனை அழைத்துப் போய், புதிதாகப் போட்டிருந்த சென்சாரைக் கழற்றி அந்தச் சூடான டீயில் முக்கச் சொன்னேன். திரையில் அந்த வரி சிவந்தது. மணி அடிக்கவில்லை. இரண்டு பேரும் மணியையே பார்த்துக்கொண்டு நின்றோம். “டீ ஆறிப்போச்சு சார்” என்றார் அவர் கடைசியில்.

முதல் நாள் இரவு ஷிப்டு சூப்பர்வைசரை வீட்டிலிருந்து போனில் பிடித்தார்கள். ஆமாம், அந்த மெஷினில் ஏதோ சத்தம் கேட்டது, பேனலைத் திறந்து சூடு பார்த்தேன், சரியாக இருந்தது, எண்ணெய் விட்டேன், போகும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் போனேன் என்றார். அதுதான் என்னை உலுக்கியது. எந்த மெஷினை அக்கறையோடு திறந்து பார்த்தார்களோ, அந்த மெஷினுக்குத்தான் மணி ஊமையாகியிருந்தது.

வெளியே வந்து சாருக்கு போன் செய்து சொன்னேன். போனில், அலுவலகத்துக்குக் கீழே பிரியாணிக் கடையில் வாணலி தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அங்கேயே உட்கார்ந்து அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அப்படியானால் சரிசெய்துவிட்டு வந்துவிடு, புதுப் பதிப்பு போட்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லலாம் என்றார்.

“சார், இப்பச் சரிபண்ணிட்டா நாளைக்கு மணி அடிச்சிரும். அப்புறம் அந்த அண்ணன் சொன்னது நெசம்னு யாரு காட்டுவா?”

“சரிபண்ணாம விட்டுட்டு வந்தா? ராத்திரி இன்னொண்ணு எரிஞ்சா நீ போய் அணைப்பியா?”

அவர் கேட்டதும் நியாயம். அங்கே ஓடிக்கொண்டிருந்தது வெறும் நிரல் இல்லை. ராத்திரி முழுக்க ஆட்கள் நிற்கும் கூடம். சரிசெய்தால் ஒருவரின் பேர் போகும். சரிசெய்யாவிட்டால் பேரைவிடப் பெரியது போகலாம். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள். உண்மையிலேயே இரண்டுதானா என்று முதலில் பாருங்கள்.

மென்பொருளை முழுதாக நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் பழைய கவனிப்புகள் எல்லாம் போய்விடும். அதனால், மறு உத்தரவு வரும்வரை யாரும் எந்தப் பேனலையும் திறக்க வேண்டாம், இப்போதே ஒருமுறையும் பிறகு ஷிப்டு மாறும்போதெல்லாமும் மென்பொருளை நிறுத்தித் தொடங்குங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஓர் ஆள் மெஷின்களைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்று மேனேஜர் வழியாகச் சொல்ல வைக்கலாம். நிரலில் ஒரு வரியையும் தொட வேண்டாம். குறை காலையில் காட்டுவதற்கு அப்படியே இருக்கும். கூடமும் பத்திரமாக இருக்கும். இதைச் சாரிடம் சொன்னேன்.

“நம்ம தப்ப நாமளே போயி மேடை போட்டுக் காட்டணுங்கிற” என்றார்.

“ஆமா சார்.”

மறுபடி வாணலிச் சத்தம். “சரி, காலையில நானும் வாரேன். நீ பேசு. நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன்.”

இத்தனை வருடம் நான் இந்த அலுவலகத்தை விட்டுப் போகாததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை. அவர் என் முன்னால் நிற்கிறேன் என்று சொல்லவில்லை, பின்னால் நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே மேனேஜரிடம் போய், மென்பொருளில் ஒரு சந்தேகம் இருக்கிறது, காலையில் உங்கள் முன்னால் காட்டுகிறேன், அதுவரை இப்படிச் செய்யுங்கள் என்று சொன்னேன். என்ன சந்தேகம் என்று துருவினார். பாதி சொன்னால் பாதிதான் நம்புவீர்கள் சார் என்றேன். முறைத்தார். ஆனால் நான் கேட்டதைச் செய்தார்.

காலையில் சூப்பர்வைசர் அறையில் எல்லாரும் கூடினோம். சகாயராஜ் கதவோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் எதையும் தொடவில்லை. மேனேஜரையே நாற்காலியில் உட்காரவைத்து, அந்த மெஷினின் பேனலைத் திறக்கச் சொன்னேன். பிறகு, நீங்கள் எப்படி மூடுவீர்களோ அப்படி மூடுங்கள் என்றேன். அவர் கை நேராக மூலையில் இருந்த பெருக்கல் குறிக்குத்தான் போனது. பேனல் மறைந்தது. எலக்ட்ரீஷியன் சென்சாரைச் சுடுநீரில் முக்கினார். வரி சிவந்தது. மணி அடிக்கவில்லை. மென்பொருளை நிறுத்தித் தொடங்கி அதே சென்சாரை அதே நீரில் மறுபடி முக்கச் சொன்னேன். மணி அடித்த அடியில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப ராத்திரி சூப்பர்வைசர் மூடுன வெதந்தான் தப்புங்களா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவரை விடுவிக்கப் போய் இன்னொருவரை மாட்டிவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. பயனருக்குப் பயிற்சி போதவில்லை என்று ஒரு வார்த்தை நம் தொழிலில் எப்போதும் கையோடு இருக்கும். அதை எடுத்து வைத்தால் நம் பேர் தப்பிக்கும், பழி மில்லுக்குள்ளேயே ஆள் மாறிப் போய்க்கொள்ளும். எனக்குப் பக்கத்தில் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“இல்ல சார். மூடுறதுக்குன்னு ஒரு குறி திரையில இருக்கு. அத அழுத்துனா மூடணும். அவரு சரியாத்தான் மூடுனாரு. மூடாம இருந்தது நாங்க எழுதுனது.”

“அப்ப நாளைக்கு உங்க பெல்ல எப்படிங்க நம்புறது?”

அப்போது சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், இதுதான் இந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரே தொழில்நுட்பம். இனி பேனல் தானாக மூடாது. யார், எந்த மூலையில், எதை அழுத்தினாலும், மூடலாமா என்ற கேள்வி முதலில் வியூ மாடலுக்குப் போகும். மெஷின் குளிர்ந்திருந்தால் அது கவனிப்பை விட்டுக் கொடுத்துவிட்டுத் தானும் விலகும். அது விலகியதால்தான் பேனல் மறையும். மெஷின் சூடாக இருந்தால் மூட மறுக்கும், மணியையும் அடிக்க விடும். முகம் போன பிறகு ஆள் இருக்கவே முடியாது. வாங்கிச் சேர்த்த தொகுப்பு எதுவானாலும், பேனல் மூடும் அந்த நொடியை அதனிடமிருந்து நம் கைக்கு வாங்கிவிட வேண்டும்.

சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். புதுப் பதிப்பு வரும்வரை எங்கள் ஆள் ஒருவர் இந்த அறையிலேயே இருப்பார், இதற்கு நாங்கள் எதுவும் வாங்க மாட்டோம் என்றார். மற்ற ஆலைகளைப் பற்றி அவரும் பேசவில்லை, மேனேஜரும் பேசவில்லை. அந்த வேலை பின்னாளில் நமக்குத்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அது போய்விட்டது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தெரிந்துகொள்ளுங்கள்.

மேனேஜர் எழுந்து கதவுப் பக்கம் திரும்பினார். சகாயராஜை நேருக்கு நேர் பார்க்க அவருக்குச் சிரமமாக இருந்தது. உங்கள் மேல் தப்பு இல்லை, விசாரணை இத்தோடு முடிந்தது, ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள் என்றார்.

கோபமாக எதையாவது கேட்பார் என்று நான் நினைத்தேன். கேட்டிருந்தால் அவருக்கு உரிமை உண்டு. சகாயராஜ் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஒண்ணும் இல்ல சார். என் ஷிப்டுதான் ஓடிக்கிட்டு இருக்கு. நான் போகலாமா?”

மேனேஜர் தலையசைத்தார். சகாயராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடத்துக்குள் இறங்கிப் போனார்.